முப்பத்தொரு புத்தகமும் ஓர் உதடும்

வழவழப்பான தாள் லேசில் தீப்பிடிக்காது. கட்டாகப் போட்டால் ஓரம் கருகும், நடுவில் படம் அப்படியே இருக்கும். கீதாஞ்சலிக்கு இது கொல்லையில் உட்கார்ந்து எரிக்கும்போதுதான் தெரிந்தது. மாமியார் கிருஷ்ணம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"ஒவ்வொண்ணாக் கிழிச்சுப் போடு. அரைகுறையா நின்னா தோசமும் அரைகுறையா நிக்கும்."

முப்பத்தொரு காமிக்ஸ் புத்தகம். ஒரு தாளைக் கிழிக்க அதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் கண் தானாகப் படித்துவிடும். காலை பத்து மணிக்குத் தொடங்கி, சோற்று நேரத்துக்குள் மொத்தத் தொடரையும் அவள் இன்னொரு முறை படித்து முடித்தாள். கணவன் சுதர்சன் குழந்தையை வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றான். எரித்து முடித்தால் குழந்தையைத் திருச்சிக்கு ஆபரேஷனுக்குக் கூட்டிப்போவதாக ஒப்பந்தம்.

அரும்பாவூர்க்காரி கீதாஞ்சலி. அப்பா பூமாலை, பெரம்பலூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். யாரோ சீட்டில் விட்டுப்போன ஒரு காமிக்ஸை எட்டாம் வகுப்பு மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். 'எலும்புக்காடு' என்ற பேய்க்கதைத் தொடரின் முதல் புத்தகம் அது. செத்தவர்களின் எலும்பு மரமாக முளைக்கும் காடு. அதற்குக் காவல், மேலுதடு மூக்குவரை பிளந்த ஒரு பூதம். பெயர் கீறல்வாயன். மற்ற பெண்கள் அட்டையைப் பார்த்தே அலறினார்கள். கீதாஞ்சலி அட்டையை நோட்டில் வரைந்து பார்த்தாள். அதன்பிறகு ஒவ்வொரு புத்தகமும் தபாலில் வந்தது. கல்யாணத்துக்கு நகைப்பெட்டியோடு அவையும் அரியலூர்ப் பக்கத்துக்கு வந்தன.

மாப்பிள்ளை வீடு நிலம் வைத்திருந்த வீடு. சுதர்சன் சிமென்ட் ஆலையில் எலெக்ட்ரீசியன். மனைவியின் புத்தகங்களைப் பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதான். கிருஷ்ணம்மாளும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பேய் படிக்கிற மருமகள் என்று சொந்தக்காரர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்.

ஐந்தாம் மாதம். தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் சூரிய கிரகணம். பிள்ளைத்தாய்ச்சி மேல் அதன் நிழல் பட்டால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்று, கிருஷ்ணம்மாள் மதியமே ஜன்னலைப் போர்வையால் மூடினார். மருமகளின் புடவையில் தர்ப்பைப் புல்லைச் செருகினார். அறையை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கூடாது. தூங்கக் கூடாது. இருட்டில் தூங்காமல் என்ன செய்வது? கீதாஞ்சலி செல்போன் வெளிச்சத்தில் இருபத்தேழாம் புத்தகத்தைப் படித்தாள். கிரகணம் விட்டதும் கிருஷ்ணம்மாள் கதவைத் திறந்தபோது, அது அவள் வயிற்றின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அட்டையில் கீறல்வாயன்.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. பூவிழி. மேலுதடு இடது மூக்குவரை பிளந்திருந்தது. அண்ணத்திலும் ஓட்டை.

மறுநாளே கிருஷ்ணம்மாளின் கணக்குத் தெளிவாக இருந்தது.

"நான் பூட்டுனது பூட்டுனதுதான். கெரகணம் உள்ள வரல. இவதான் அந்தப் பேய்ப் படத்தை உள்ள வச்சுக்கிட்டு இருந்திருக்கா."

பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினார்கள். பக்கத்து வீட்டு ஆண்டாயி மட்டும் மூடவில்லை. "புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கான்னு பாத்தேன். அச்சாத்தான் இருக்கு. அதுக்கென்ன, படிச்ச புள்ள பெத்த புள்ளல்ல?" என்றாள். வீடே சிரித்தது. அழுதுகொண்டிருந்த கீதாஞ்சலியிடம் காப்பி போடச் சொன்னார்கள்.

உதடு இரண்டாம் மாதத்திலேயே உருவாகி முடிந்துவிடும், ஐந்தாம் மாதக் கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார். வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. கீதாஞ்சலி வாங்கினாள். வாங்கிக்கொண்டு, இரண்டாம் மாதத்தில் எந்தப் புத்தகம் படித்தோம் என்று யோசித்தாள். பத்தொன்பது. அதிலும் கீறல்வாயன் வருவான். அந்த யோசனையை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

குழந்தையால் உறிஞ்ச முடியாது. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். பாதி மூக்கு வழியாக வந்துவிடும். எடை ஐந்து கிலோ வந்தால் உதட்டைத் தைக்கலாம் என்றார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை பாலாடை. நாலாம் மாதம் ஐந்து கிலோ நூறு கிராம் வந்தது. அந்த வாரம்தான் எரிப்பு ஒப்பந்தம்.

சாம்பலைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டுக் குளித்து வந்தவளிடம் கிருஷ்ணம்மாள் அடுத்ததைச் சொன்னார்.

"மொத முடி கொலதெய்வத்துக்கு. அதுக்கு முன்னாடி புள்ள மேல கத்தி படக்கூடாது."

"சரிங்கத்தே. இந்த வாரமே போய் எறக்கிடலாம்."

"எப்படிப் போறது? பங்காளி வூட்ல சாவு வுழுந்து வருசம் திரும்பல. தையில பாத்துக்கலாம்."

தைக்கு இன்னும் ஏழு மாதம். கீதாஞ்சலி கணவனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்தான்.

"எரிச்சா போலாம்னீங்களே?"

"எரிச்சது எரிச்சதுக்கு. இது சாமி விசயம்," என்றான் சுதர்சன்.

"தடுப்பூசி போட்டாங்களே, அது இரும்பு இல்லீங்களாத்தே?"

"ஊசி வேற, கத்தி வேற. அத்தனையும் எரிச்சும் வாய் அடங்கல பாரு!"

மறுநாள் கீதாஞ்சலி மருத்துவமனைக்குப் போன் செய்தாள். எடுத்த நர்ஸ் சத்யப்பிரியா, "அம்மா கையெழுத்துப் போதுங்க. புதன்கிழமை அட்மிட் ஆகுங்க. இந்தத் தேதிய விட்டா எப்பக் கெடைக்கும்னு சொல்ல முடியாது," என்றாள்.

புதன்கிழமை தடுப்பூசிக்கு என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு பஸ் ஏறினாள். அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சலூனில் நுழைந்தாள். கடைக்காரர் மணிவண்ணன் சவரம் செய்துகொண்டிருந்த ஆளைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்த்தார்.

"பொம்பளைங்களுக்கு இங்க இல்லம்மா."

"பாப்பாவுக்கு. மொட்டை."

"கோயில்ல போடலியா? தாய்மாமன் மடி எங்க?"

"எனக்குக் கூடப் பொறந்தவங்க இல்லீங்க."

பாதிக் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர், "நான் வேணா மாமனா உக்காரவா?" என்று சிரித்தார். கீதாஞ்சலி சிரிக்கவில்லை. குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு நின்றது. முகத்துத் துணி விலகியது. அவர் குழந்தையின் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மணிவண்ணன் புது பிளேடைப் பிரித்து, மஞ்சள் தண்ணீர் இல்லாமல், மேளம் இல்லாமல், ஐந்து நிமிடத்தில் முடித்தார். முடியை என்ன செய்ய என்று கேட்டார். கீதாஞ்சலி அதைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திருச்சி பஸ்ஸில் ஏறிய பிறகு கணவனுக்குப் போன் செய்தாள்.

"மொட்டை போட்டாச்சு. இனிக் கத்தி படலாம். வரீங்களா?"

அவன் மூன்றாம் நாள் வந்தான். அதற்குள் உதடு தைத்தாகிவிட்டது. வீங்கிய முகத்தைப் பார்த்து, "பரவால்ல, மனுச மொகமா ஆயிட்டுது," என்றான். வீடு திரும்பியதும் கிருஷ்ணம்மாள் முடிப் பொட்டலத்தை வாங்கிச் சாமி மாடத்தில் வைத்தார். மருமகளோடு ஐந்து மாதம் பேசவில்லை. அந்த ஐந்து மாதமும் அவள் சாப்பாடு கடைசிப் பந்தி. தட்டு தனி.

மாசியில் முதல் பிறந்தநாள் வந்தது. சொந்தமெல்லாம் கூடியது. தழும்பு மெல்லிய கோடாக மாறியிருந்த பூவிழியைக் கிருஷ்ணம்மாள் முதல் முறையாக இடுப்பில் தூக்கிக்கொண்டு எல்லோரிடமும் காட்டினார்.

"ஆஸ்பத்திரியில தச்சாங்க, இல்லேங்கல. ஆனா அந்தப் பேய்ப் படத்தையெல்லாம் எரிக்காம இருந்திருந்தா, தையல் ஒட்டியிருக்குமா?"

ஆறு மாதக் கர்ப்பமாயிருந்த முத்தாயி, கிருஷ்ணம்மாளின் நாத்தனார் மகள், பயந்துபோய்க் கேட்டாள். "நெசமாவா?"

"இவளையே கேளு. நீ சொல்லு கீதா."

கேக்குக் கத்தியோடு நின்ற கீதாஞ்சலி சுதர்சனைப் பார்த்தாள். அண்ணத்து ஓட்டையை மூடச் சித்திரையில் தேதி கொடுத்திருந்தார்கள். அதை மூடாவிட்டால் பூவிழிக்குப் பேச்சு சரியாக வராது. இரண்டு வாரம் அவன் கூட இருக்க வேண்டும். அம்மாவை ஒருமுறை சமாதானம் செய்தால்தான் லீவு போடுவேன் என்று காலையில்தான் சொல்லியிருந்தான்.

"ஆமாங்கத்தே," என்றாள். "எரிச்சப்புறம்தான் ஒட்டுச்சு."

கிருஷ்ணம்மாள் மருமகளுக்கு முதல் துண்டு கேக்கைத் தானே ஊட்டினார். அன்று சாயங்காலமே சுதர்சன் லீவுக்கு எழுதிக் கொடுத்தான்.