நசுக்கிய ராணி

பனைப் பொந்தில் பிடித்த தேனீக்களைப் பரமக்குடியில் வாங்கிய பெட்டியில் வளர்த்தோம். ஒருநாள் அடையைத் தூக்கினேன். நீளமாக ஒன்று ஊர்ந்தது. குளவியென்று நசுக்கிவிட்டேன்.

"அது ராணிடி! இனிக் கூட்டமே அழிஞ்சிரும்" என்று கணவர் கத்தினார்.

"மொதல்லயே காட்டியிருக்க வேண்டியதுதானே?" என்று நானும் கத்தினேன்.

நாலைந்து நாளில் அடையில் நிலக்கடலை போல அறைகள் தொங்கின. இரண்டு வாரத்தில் புது ராணி நடமாடியது!

"வேலைக்காரியா வளரவேண்டிய புழுதான். வேலைக்காரத் தேனீங்க பாலு மாதிரிக் கூழ மத்த புழுவுக்கு ரெண்டு மூணு நாளுதான் ஊட்டும். இதுக்குக் கடைசிவரைக்கும் ஊட்டியிருக்கு" என்று பெட்டி விற்றவரிடம் கேட்டுவந்து சொன்னார் கணவர்.

முட்டையும் ஒன்றுதான், கூடும் ஒன்றுதான், ஊட்டியதில்தான் வித்தியாசம்.

எங்கள் வீட்டில் பசும்பால் மகனுக்கு மட்டும்தான். மறுநாள் காலை மகளுக்கும் ஒரு தம்ளர் ஊற்றினேன். ஏனென்று கேட்ட கணவருக்குப் பெட்டியைக் காட்டினேன்.