காது குத்தும் முன் கேட்ட பாட்டுகள்

ஒன்பது வயதுவரை எனக்குக் காது குத்தவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் குழந்தை பேச்சுப் பழகுவதற்குள் முடிந்துவிடும் காரியம் அது. பள்ளியில் ‘மொட்டைக் காது’ என்று கூப்பிட்டார்கள். அம்மாவின் கல் பொட்டில் இரண்டை எடுத்துக் காதில் ஒட்டிக்கொண்டு போவேன். மத்தியானத்துக்குள் வியர்வையில் ஒன்று விழுந்துவிடும். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை ஒற்றைத் தோட்டுக்காரி.

குறை என் காதில் இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு இருந்த ஒரே மாமாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சில்லை. மாமா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த அவர் கல்யாணத்துக்குக் கிடைத்த லீவு கொஞ்சம். முறை சொல்லித்தரத் தாத்தாவும் இல்லை. அவசரத்தில் மற்றவர்களை அழைத்ததுபோல அக்காள் புருஷனையும் போனிலேயே அழைத்துவிட்டார். வீட்டு மாப்பிள்ளையை நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்தல்லவா அழைக்க வேண்டும்? நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் வாய்க்கால் தகராறைக்கூட மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள். அப்பா போகவில்லை. அம்மாவையும் போக விடவில்லை. சொந்தத் தம்பியின் கல்யாணத்தன்று அம்மா எங்கள் வீட்டில் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ராக் பாட்டு, மெட்டல் பாட்டு. அறையில் கூடத் தங்கியிருந்தவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டதாம். இதைப் பற்றி உட்கார்ந்து பேச உறவில் ஒரு ஆள் கிடைக்காமல், கடைசியில் நான் அகப்பட்டேன். அம்மாவின் போனுக்கு ஒரு பாட்டு வரும். பின்னாலேயே அவர் குரல் வரும்: “பாப்பா, இதைக் கேட்டுட்டு எப்படி இருக்குன்னு மாமாவுக்குச் சொல்லணும், என்ன?”

எனக்கு அந்த டிரம் அடி பிடிக்கும். வயிற்றுக்குள் போய் அடிக்கும். ஆனால் அதைச் சொல்ல எனக்கு எங்கே இடம் கிடைத்தது? நான் பாட்டைப் போடும் நேரம் பார்த்து அப்பா சாப்பிட உட்கார்ந்திருப்பார். அவர் அபிப்பிராயம் முந்திக்கொள்ளும்.

“டிராக்டர் சேத்துல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குன்னு சொல்லு உன் மாமன்கிட்ட.”

நான் ஒரு எழுத்து குறையாமல் சொல்வேன். மறுநாள் மாமாவின் பதில் வரும். “உங்கப்பாவை அவசரப்படாமக் கேக்கச் சொல்லு. பாதிக்கு மேலதான் பாட்டு சூடு பிடிக்கும்.”

“அதுவரைக்கும் என்ன பண்றானாம்? நாத்து பறிக்கிறானா?” என்பார் அப்பா. அதையும் அனுப்புவேன்.

இப்படியே மாதங்கள் ஓடின. மாமா ஒன்றைச் சிபாரிசு செய்வார், அப்பா அதைத் தூற்றிவிட்டுப் பதரைத் திருப்பி அனுப்புவார். சில நாள் அப்பாவுக்குச் சந்தேகம் வரும். போன தடவை கத்தாமல் ஒருத்தன் பாடினானே, அவன் வேறு ஏதாவது பாடியிருக்கிறானா என்று கேட்கச் சொல்வார். மாமா அந்த ஆள் பாடியதாக நாலைந்தை அனுப்புவார். இவன் பரவாயில்லை, ஆனால் கூட வாசிக்கிறவன் இவனைப் பாடவிடாமல் கெடுக்கிறான் என்று அதற்கும் ஒரு குறை போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான். பேச்சில்லாதவர்கள் இப்போது சண்டையும் போட ஆரம்பித்துவிட்டார்கள், இனி என் காது அவ்வளவுதான் என்று கிடந்து கவலைப்பட்டேன்.

கவலைப்பட்டதுபோலவே ஆயிற்று. மாமா தனக்கு உயிரான பாட்டு என்று ஒன்றை அனுப்பினார். இதுவும் பிடிக்கவில்லை என்றால் இனிமேல் அனுப்பவே மாட்டேன் என்று கூடவே சொல்லியிருந்தார். அப்பா அதைக் கடைசிவரை கேட்டார். சோறு கையிலேயே காய்ந்துவிட்டது. பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்: “நம்ம கதிர் அறுக்கிற மெஷின் இதைவிட நல்லாப் பாடும்னு சொல்லு.”

சொன்னேன். மாமாவிடமிருந்து பதில் இல்லை. அடுத்த வாரம் பாட்டும் வரவில்லை.

முதலில் அப்பா கண்டுகொள்ளவில்லை. அப்புறம் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று கேட்டார். டவர் கிடைக்கவில்லையோ என்றார். ஒரு நாள் சாப்பிட்டு முடித்த பிறகும் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா மோர் வேண்டுமா என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார்.

தை பிறந்து சம்பா அறுப்பு வந்தது. எங்கள் வயலில் மெஷின் இறங்கிய அன்று, அம்மாவோடு டீ எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். மெஷின் வரப்போரம் திரும்பும்போது அப்பா அம்மாவிடமிருந்து போனை வாங்கினார். சத்தத்தைப் பதியும் இடம் எது என்று என்னைக் கேட்டார். காட்டினேன். மெஷினுக்கு எதிரே போய்க் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தூசியும் வைக்கோலும் அவர் தலையெல்லாம் கொட்டின. பிறகு போனை வாயருகே கொண்டுபோய், முதல் தடவையாக என்னிடம் சொல்லாமல் தானே சொன்னார்.

“மாப்ள, நான் சொன்ன மெஷின் இதுதான். கேட்டுட்டுச் சொல்லு.”

டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. “அத்தான், வாசிப்பு பிரமாதம். பாடுறவனைத்தான் காணோம்.”

அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னமோ ஏதோ என்று மெஷின்காரர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

பங்குனியில் மாமா வந்தார். தட்டு நிறைய வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி சட்டை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். கல்யாணத்துக்கு வைக்காத தட்டைக் காது குத்துக்கு வைத்தார். அப்பாவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குலதெய்வம் கோயிலில் மாமா மடியில் என்னை உட்கார வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுக்கும்போதுகூட, என் தலைக்கு மேலே அப்பாவும் மாமாவும் யாரோ கிட்டார்க்காரனைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் ஒருத்தி வேண்டியிருக்கவில்லை. அதில் எனக்கு உண்மையிலேயே கோபம்.

சுருக்கென்றது. அழ வாயைத் திறந்தவள், எதிரே நின்ற அம்மாவைப் பார்த்தேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். நான் என் அழுகையை விழுங்கிவிட்டேன்.

“எனக்கு வலிக்கவே இல்லம்மா, அழாத” என்றேன்.