எண்ணெய் மாற்றிய சனிக்கிழமை

என் கணவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. கல்யாணமான புதிதில் அதை அடக்கம் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அழுத்தம் என்று புரிந்தது. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர் வாய்விட்டுப் பேசுவார். அதுவும் என்னிடம் இல்லை, மோட்டார் சைக்கிளிடம்.

ஐம்பத்து நாலில் புதுச்சேரியில் கொடி மாறியபோது ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சு அதிகாரி விட்டுவிட்டுப் போன வண்டி அது. அந்த நாட்களில் ஊரில் ஆளாளுக்கு ஒரு சாமான் கிடைத்தது. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் பியானோ வந்து இறங்கி, அதன்மேல் ஊறுகாய் ஜாடி வைத்திருந்தார்கள். உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு இந்த வண்டி வந்தது. கோர்ட்டில் பிரெஞ்சு டைப் அடிக்கிற குமாஸ்தாவுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். அதை ஆபீசுக்கும் எடுத்துப் போகமாட்டார். ஆபீசுக்கு நடைதான். வண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சடங்கை முற்றத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நின்று எட்டு வருஷம் பார்த்திருக்கிறேன். முதலில் கடற்கரை வரை ஓட்டிப்போய் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு வருவார். நேராக நிறுத்துவார். சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லுமாம். பிறகு எண்ணெய்க் குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, மறுபடி உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டர் தெர்மாமீட்டரை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கவில்லை. எண்ணெய் கறுத்திருந்தால் அன்றைக்கு விதான்ஜ். பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவதற்கு அவர் சொல்லும் பிரெஞ்சு வார்த்தை அது. எஞ்சின் அடிவயிற்றில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி, என் அலுமினிய பேசினில் எண்ணெயை வடிப்பார். நான் மாவு கரைக்க வாங்கிய பேசின். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அது என் சொத்து இல்லை என்று ஆகிவிட்டது.

போல்ட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, எண்ணெய் கசியாமல் இருக்க, சின்னதாக ஒரு செம்பு வளையம் உண்டு. அதைத் துடைத்துத் துடைத்துக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பார். "இது இல்லேன்னா போல்ட்டு சும்மா அழகுக்குத்தான்" என்பார். ஒவ்வொரு தடவையும் இதே வாக்கியம். என்னிடம் சொல்கிறாரா வண்டியிடம் சொல்கிறாரா என்று தெரியாததால் நான் பதில் சொல்வதில்லை.

வடித்த கறுப்பு எண்ணெய்க்கு எங்கள் தெருவில் ஏகப்பட்ட கிராக்கி. எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார், பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவருடைய நாய்க்குச் சொறி. எங்கள் எண்ணெயைப் பூசினால்தான் ஆறும் என்பார். ஆறி நான் பார்த்ததில்லை. வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவுக்கு அவள் கொட்டகைக் கம்பங்களில் கரையான் ஏறாமல் இருக்க அது வேண்டும். எங்களுக்கு அவள் தரும் மீனில் ஒன்று கூடுதலாக விழுவது என் முகத்துக்காக இல்லை, அந்த எண்ணெய்க்காகத்தான்.

அறுபத்திரண்டில் ஊரே ஒரு கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தது. பிரெஞ்சுக் குடிமகனாக இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுக்காதவர் இந்தியர். மீன் வாங்கும் இடத்தில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில், செத்த வீட்டில்கூட அதே பேச்சு. என் கணவரின் அண்ணன் பிரான்சில், மார்செய்யில் இருந்தார். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, வா என்று அழைத்துக்கொண்டே இருந்தார். இங்கேயோ ஆபீசில் பிரெஞ்சு போய் இங்கிலீஷ் வந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு தெரிந்தவர்களைப் பழைய காகிதங்கள் அடுக்கிய அறைக்கு ஒவ்வொருவராக அனுப்பினார்கள்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். மார்செய்யில் யாருக்குத் தமிழ் இலக்கணம் வேண்டியிருக்கிறது? எனக்குப் போக இஷ்டமே இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளும் என் கரும்பலகையும் இங்கேதான் இருந்தன. போக வேண்டும் என்று இவர் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. போகிறோமா இருக்கிறோமா என்று ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு சாம்பாரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். இனி நானாகக் கேட்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எனக்கும் அழுத்தம் உண்டு.

அப்போதுதான் கவனித்தேன், அவர் எண்ணெய் பார்ப்பதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், மதியம்தான் திரும்புவார். எங்கே என்று சொல்லமாட்டார். வண்டியில் தூசி ஏறியது. படிக்கட்டின் கீழே அவர் வாங்கி வைத்த எண்ணெய் டின் மூடி திறக்காமல் கிடந்தது. அவர் ஆபீஸ் போன நேரம் பார்த்து நானே குச்சியை உருவிப் பார்க்க ஆரம்பித்தேன். வாரத்துக்கு வாரம் கறுத்துக்கொண்டே போனது. ஊரை விட்டுப் போகிறவன் வண்டிக்கு எதற்குப் புது எண்ணெய் ஊற்றுவான்? கோர்ட்டில் இவ்வளவு தெளிவான சாட்சி வந்திருக்காது. கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். குச்சியை அவர் எப்படித் துடைப்பாரோ அப்படியே துடைத்துச் சொருகிவிட்டு, பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளைத் திட்டினேன்.

இந்தக் கணக்கு எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்தேன். தெருவே போட்டு வைத்திருந்தது.

"ஏம்மா, ரெண்டு மாசமா கறுப்பு எண்ணெ வரலியே. எப்ப கெளம்புறீங்க?" என்றாள் மீன்கார அம்மா. அன்றைக்கு மீன் சரியான எண்ணிக்கையில்தான் விழுந்தது.

சொல்தா இன்னும் ஒருபடி மேலே போனார். ஒரு சாயங்காலம் வந்து கூடத்தில் இருந்த என் அலமாரியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். என் அம்மா வீட்டில் எனக்குக் கொடுத்த தேக்கு அலமாரி.

"மதாம், இத கப்பல்ல ஏத்த முடியாது. வேற யாருக்கும் சொல்லிடாதீங்க. நான் எடுத்துக்கறேன்" என்றார். நாய் வாசலில் சொறிந்துகொண்டு நின்றது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாயால் கேட்கமாட்டேன் என்று முடிவு செய்தவள், கையால் சொல்லிவிடலாம் என்று துணிந்தேன். அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, அவருக்கு ஆபீஸ் உண்டு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். நாளைக்குக் காலையில் ஒருவேளை பழக்க தோஷத்தில் குச்சியை உருவினாலும் உருவுவார், தேன் நிறத்தில் புது எண்ணெயைப் பார்ப்பார், நான் இந்த ஊரைவிட்டு வரமாட்டேன் என்று புரிந்துகொள்வார். அதுதான் என் திட்டம்.

எஞ்சினைச் சூடாக்க எனக்குத் தெரியாது, அடுப்பென்றால் தெரியும். அதனால் ஆறின எஞ்சினிலேயே போல்ட்டைத் திருகினேன். அது அசையவில்லை. உலக்கையால் ஸ்பானரை ஒரு தட்டு தட்டியதும் சட்டென்று விட்டது. போல்ட் கைநழுவிப் பேசினில் விழுந்தது, அதன்மேல் கறுப்பு எண்ணெய் கூழாக இறங்கியது. முழங்கை வரை கையை விட்டுத் துழாவி போல்ட்டைப் பிடித்தேன். துடைத்தேன், முடுக்கினேன், டின்னை உடைத்துப் புது எண்ணெயை ஊற்றினேன், குச்சியை விட்டு அளவும் பார்த்தேன். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவர் செய்கிற காரியத்தில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று தோன்றியது. பழைய எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றி எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொல்தா முகம் தொங்கிப் போனது. "அப்ப அலமாரி?" என்றார். நான் திரும்பி வந்தேன், மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

மறுநாள் அவர் குச்சியைத் தொடவில்லை. காபியைக் குடித்தார், வண்டியை உதைத்துக் கிளப்பினார், போய்விட்டார். நான் காபி டம்ளரை எடுக்கப் போனபோது பார்த்தேன். வண்டி நின்ற இடத்தில் ஒரு சின்னக் குட்டை. அங்கிருந்து வாசல்வரை சொட்டு, வாசலைத் தாண்டித் தெருவிலும் சொட்டு.

எண்ணெய் இல்லாமல் ஓடினால் எஞ்சின் இறுகிப்போய் ஆளைத் தூக்கி எறியும் என்று அவரே வண்டிக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓடிப்போய் ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்தேன். பயந்துகொண்டுதான் ஏறினேன். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் இன்னொரு எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்தது. எங்கே போகிறார் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

"எங்கம்மா போவணும்?"

"இந்த எண்ணெ எங்க போவுதோ அங்க."

ரிக்‌ஷாக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கீழே பார்த்துக்கொண்டே மிதித்தார். பிரெஞ்சு கான்சுலேட் பக்கம்தான் சொட்டுப் போகும் என்று நான் உறுதியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அது பூட்டியிருக்கும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சொட்டு கடற்கரைப் பக்கம் திரும்பாமல் மேற்கே திரும்பி விழுப்புரம் ரோட்டில் ஏறியது. மனுப் போட்டுத் தரும் யாரோ ஒரு ஏஜெண்டு அந்தப் பக்கம் இருக்கிறான் என்று அடுத்த நிமிஷமே எனக்கு நிச்சயமாகிவிட்டது. "இங்க ஒண்ணு கெடக்குது", "இங்க ரெண்டு" என்று ரிக்‌ஷாக்காரர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ரெட்டியார்பாளையத்தில் சொட்டு நின்றது. நின்ற இடத்தில் சக்கரம் தேய்ந்து இழுத்த கோடு. கொஞ்ச தூரத்தில் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் வண்டி சாய்ந்து நின்றது. ஆள் விழுந்த அடையாளம் எதுவும் இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது. உள்ளேயிருந்து தடதடவென்று சத்தம். டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுக்கிற இடம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரெட்டைச் சடைப் பெண்கள், மீசை முளைக்காத பையன்கள், நடுவில் கோர்ட் குமாஸ்தாவான என் கணவர். பிரெஞ்சு மெஷினில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற விரல்கள் இங்கிலீஷ் மெஷினில் தடுமாறிக்கொண்டிருந்தன. பிரெஞ்சு மெஷினில் 'ஏ' இருக்கும் இடத்தில் இதில் 'க்யூ' இருக்கிறது. அவருடைய காகிதத்தில் 'ஏ' வரவேண்டிய இடமெல்லாம் 'க்யூ'வாக வந்திருந்தது. பக்கத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் ஒருமுறை, அவர் ஒரு இங்கிலீஷ் போர்டை பிரெஞ்சு மாதிரி வாசித்தபோது விருந்தாளிகள் முன்னால் சிரித்திருக்கிறேன். அந்தப் பெண்ணை அறையவேண்டும் போல இருந்தது.

மார்செய்க்குப் போகிறவன் எதற்கு இங்கிலீஷ் டைப் கற்றுக்கொள்ள வேண்டும்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். திருடிய இடத்தில் பிடிபட்டவர் மாதிரி எழுந்து வெளியே வந்தார்.

"நீ எங்க இங்க?"

"சும்மா. காத்து வாங்க."

"ஆபீஸ்ல கேக்கறாங்க. ஏற்கெனவே ஒரு தடவ பரிச்ச எழுதி பெயிலாயிட்டேன். பாஸ் பண்ணிட்டு சொல்லலாம்னு இருந்தேன். நீ டீச்சர் வேற."

வண்டியை இருவருமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். அவர் முன்னால் பிடித்தார், நான் பின்னால் தள்ளினேன். வழியெல்லாம் அவர் வண்டியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். "ஒரு சொட்டு எண்ணெ இல்ல. வாரக்கணக்கா பாக்காமயே விட்டுட்டேன். என் தப்புதான்." நான் குனிந்து தள்ளினேன். தள்ளுகிறவள் பேச வேண்டிய அவசியம் இல்லை.

மறுநாள் காலையில் அவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது சொல்தா வந்தார். வண்டியை நாங்கள் தள்ளிக்கொண்டு வந்ததை முந்தின நாள் அவர் பார்த்திருந்தார். அலமாரிமேல் அவருக்கு நம்பிக்கை திரும்பியிருந்தது தெரிந்தது. கையில் சின்னதாக ஏதோ வைத்திருந்தார்.

"மதாம் குடுத்த எண்ணெயில இது கெடந்துது. நாய்க்குப் பூசும்போது கையில தட்டுச்சு. தங்கமோன்னு பாத்தேன், செம்பு."

என் கணவர் அந்த வளையத்தை வாங்கி, வழக்கம்போல் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு படிக்கட்டின் கீழே காலியாகக் கிடந்த டின்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மீனை அலசிக்கொண்டிருந்தேன். அந்த மீனில் அலசுவதற்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை.

எட்டு வருஷமாகச் சொல்லும் அந்தப் போல்ட்டு வாக்கியம் இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொல்தாவிடம் திரும்பினார்.

"அலமாரி கேட்டீங்களாமே? தெருவுல சொன்னாங்க."

"ஆமா மிஸ்ஸே. நீங்க போறப்ப..."

"அது அவளோடது. அவ எங்கயும் போவல." செருப்பை மாட்டிக்கொண்டார். "அதனால நானும் போவல."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாத மனிதர் எதிர்வீட்டு நாய்க்காரரிடம் சொல்லிவிட்டு ஆபீசுக்கு நடந்தார். நான் மீன் கையோடு வாசல்வரை ஓடி வந்து, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொல்தா என் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டார்.

"அப்ப அடுத்த விதான்ஜ் எப்ப மதாம்?"