மீதியான்காரி வீட்டு ஜெபக்கூட்டம்

சபைச் செயலாளர் எனக்கு வைத்திருந்த பெயர் மீதியான்காரி. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார். நேரில் பார்த்தால் 'சகோதரி'தான், அதுவும் தேன் ஒழுக. ஆராதனை முடிந்து ஆண்கள் வாசலில் நின்று சாயா குடிக்கிறபோதுதான் மீதியான்காரி. பக்கத்தில் நின்று கேட்ட ஒரு பெண்மணி, என் மேல் உள்ள அக்கறையில், ஒன்று விடாமல் வந்து ஒப்பித்துவிடுவார். "நான் பறைஞ்சதா வெளியில சொல்லண்டாம், கேட்டோ" என்று முடிப்பார். அந்த அக்கறையை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

இந்தப் பெயரைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காதுல போடாத, விடு" என்றார். அவருடைய அகராதியில் எல்லா வியாதிக்கும் அந்த ஒரு மருந்துதான்.

நான் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்தில் பிறந்தவள். நாகர்கோவிலிலிருந்து எங்கள் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்த இந்தக் கிறிஸ்தவரை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டேன். அன்றைக்கே என் அப்பா என்னைத் தலைமுழுகிவிட்டார். தெருவில் எதிரே பார்த்தால், மழைத் தண்ணீரைக் கண்டு ஒதுங்கிப் போவது மாதிரி மறுபக்கம் போய்விடுவார். ஆகவே இந்தச் சபைக்காரர்களைப் பற்றி மட்டும் நான் ஏளனமாகப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

என்னைக் கட்டியதற்காக என் வீட்டுக்காரருக்கு அவருடைய சபையில் நற்கருணையை நிறுத்தி வைத்தார்கள். எல்லாரும் எழுந்து போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கும்போது, இவர் மட்டும் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். நான் ஞானஸ்நானம் எடுத்தால் தடையை நீக்குவோம் என்று கமிட்டி சொன்னது. எனக்குப் பக்தி ஒன்றும் பொங்கி வழியவில்லை. ஆனால் அவர் அப்படி ஒற்றையாய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சரி, எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தேதி குறிப்பதற்காக, கரமனையில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் வைத்தார்கள்.

இன்னதென்று தெரியாமல் திட்டு வாங்குவது எனக்குப் பிடிக்காது. அதனால் மீதியானியர் யார் என்று பைபிளை எடுத்து முன்பே வாசித்துவிட்டேன். எகிப்தில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடி வந்த மோசேக்கு சோறு போட்டவர்கள் அவர்கள். அந்த ஊர் ஆசாரியனின் ஆடுகளை மேய்த்து, அவன் பெண்ணையே கட்டி, மோசே பிள்ளைகளும் பெற்றார். பின்னால் இஸ்ரவேலருக்குத் தலைவராகி, ஜனங்களின் வழக்குகளையெல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாளாகத் தீர்த்துத் திணறியபோது, நாலு பேரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொன்னதும் அந்த மாமனார்தான்.

இத்தனையும் வாங்கிக்கொண்ட பிறகு சண்டை வருகிறது. மீதியான் பெண்கள் இஸ்ரவேல் ஆண்களை மயக்கி வேறு தெய்வத்தைக் கும்பிட வைத்தார்களாம். ஆண்கள் பாவம், விரல் சூப்புகிற வயது! படை போகிறது. அங்கே ஆண்களை வெட்டிப் போட்டுவிட்டு, பெண்களையும் குழந்தைகளையும் சிறைபிடித்துக்கொண்டு வருகிறார்கள். பெண்களை ஏன் உயிரோடு விட்டீர்கள் என்று மோசே கோபப்படுகிறார். வெகுகாலம் கழித்து அதே மீதியானியர் ஒட்டகங்களில் வந்து விளைச்சலைச் சூறையாட, இஸ்ரவேலர் குகைகளில் ஒளிகிறார்கள். எல்லாரையும்தான் கொன்றாயிற்றே, ஒட்டகத்தில் வந்தது யார் என்று செயலாளரிடம் ஒரு தடவை கேட்டேன்.

"அது வேற கூட்டம், சகோதரி" என்றார். பாங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். லோன் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்புகிற குரல் இன்னும் அவரிடம் பத்திரமாக இருந்தது.

ஜெபக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. போன வாரம் முடித்த அதிகாரத்துக்கு அடுத்ததை எடுத்து, வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்பார்கள். கண்ணாடி மறந்தவர்கள், தொண்டை கட்டியவர்கள் 'அடுத்தவங்க' என்று சொல்லித் தள்ளிவிடலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. பாதிப் பேருக்கு வாராவாரம் தொண்டை கட்டும். அன்று செயலாளர் வரிசையை விட்டுவிட்டு, பல அதிகாரங்களைத் தாண்டி, நேராக மீதியான் படுகொலைக்குப் போனார்.

"ஆவியானவர் இன்னைக்கு இந்த அதிகாரத்தைத்தான் உணர்த்துகாரு" என்றார். ஆவியானவர் நேரில் வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம்.

வாசிப்பு சுற்றி வந்தது. மோசேயின் உத்தரவு வருகிற வசனம் என் வீட்டுக்காரருக்கும், அதற்கு அடுத்தது எனக்கும் விழும் என்று தெரிந்துவிட்டது. அவரைப் பார்த்தேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து அவருக்கு உண்மையாகவே ஜலதோஷம். 'அடுத்தவங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்காகப் பேச வேண்டிய இடங்களிலெல்லாம் வாயில் கொழுக்கட்டையை வைத்திருந்த மனுஷன். அன்றைக்கு மட்டும் கொழுக்கட்டை இல்லை.

வாசித்தார். ஆண் குழந்தைகளையும், புருஷனோடு வாழ்ந்த அத்தனை பெண்களையும் கொன்றுபோடச் சொல்கிற வசனத்தை, நிறுத்தி, திருத்தமாக, ஓர் எழுத்து பிசகாமல் வாசித்தார்.

"நல்ல வாசிப்பு, தம்பி" என்றார் செயலாளர். என் வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. வாசித்ததைக்கூட மன்னித்துவிடலாம், அந்த மலர்ச்சியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் முறை. கன்னிப் பெண்களை மட்டும் உங்களுக்கென்று உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. நான் புத்தகத்தை மூடினேன்.

"சார், ஒரு சந்தேகம். மோசேயோட ஆத்துக்காரி மீதியான் பொண்ணுதானே? இந்த உத்தரவைப் போட்டப்போ அவ எங்கே இருந்தா?"

படுகொலையைத் தேடிப் பிடித்தவர், உத்தரவு போட்டவரின் பெண்டாட்டியை மறந்துவிட்டார். அவர் கழுத்துவரை சிவந்ததை நான் ஆசைதீரப் பார்த்தேன்.

"அவங்க விசுவாசத்துக்குள்ள வந்தவங்கல்லா, சகோதரி."

"உள்ளே வந்தவாளை விட்டுடுங்கோன்னு எங்கே இருக்கு?"

"வேதத்துல இல்லாததைத் தோண்டப்படாது" என்றார். பிறகு குரலில் மறுபடி தேனை ஊற்றிக்கொண்டு, "நம்ம காரியத்துக்கு வருவோம். அடுத்த மாசம் மொத ஞாயிறு வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம், சார். நான் எடுத்துக்கறதா இல்லை."

யாரோ "ஐயோ, கர்த்தாவே" என்றார்கள். முடிவு ஜெபம் அவசர அவசரமாக முடிந்தது. எல்லாரும் ஒரே கோபமாக எழுந்து போனார்கள். போகிறபோது, நான் நேந்திரம்பழத்தைச் சீவி மாவில் முக்கிப் பொரித்து வைத்திருந்த பழம்பொரியில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்ள மட்டும் யாரும் மறக்கவில்லை. செயலாளர் இரண்டு எடுத்தார்.

இவருக்கு நற்கருணை இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை. முன்பு அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. இப்போது பொறுக்கிறது.

மோசே அன்று கூடாரத்துக்குத் திரும்பியதும் மனைவியிடம் என்ன சொன்னார் என்று வேதத்தில் இல்லை. என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எல்லாரும் போன பிறகு, "அதை வாசிக்கறச்சே உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" என்று கேட்டேன். வாடகை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவர் சொன்னார்:

"உன்னையா சொல்லியிருக்கு? மீதியான்காரிகளைல்லா சொல்லியிருக்கு. நீ என்னத்துக்குக் கெடந்து துள்ளுக?"