ஓடத் தெரிந்தவனுக்கு ஜெர்மனி

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் மைக்கில் வாசித்தார்: "மகன் டேனிக்கு ஜெர்மனி விசா கிடைத்ததற்காக, குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை."

எனக்கு வயிறு எரிந்தது. சர்ச்சில் உட்கார்ந்துகொண்டு!

காரணம் இருக்கிறது. போன வருஷம் ராஜபாளையத்தில் டேனியும் என் தம்பி ஜெபினும் ஒரே பைக்கில் போனார்கள். இருவரும் சேர்ந்து வாங்கிய ஒரே கஞ்சாப் பொட்டலம். போலீஸைப் பார்த்ததும் டேனி குதித்து ஓடிவிட்டான். பொட்டலம் ஜெபின் பாக்கெட்டில்! மாட்டிக்கொண்டவன் போலீஸிடம் கூட்டாளி பெயரைச் சொல்லவே இல்லை; வீட்டில் மட்டும்தான் சொன்னான். துபாய் வேலைக்காக அவன் விண்ணப்பித்த பாஸ்போர்ட், வழக்கால் அப்படியே நின்றுவிட்டது.

ஆராதனை முடிந்ததும் டேனியின் அக்கா ஸ்டெல்லா வந்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள்.

"ஏட்டி, ஜெபினுக்கு என்னைக்கு வாய்தா?"

"செவ்வாய்க்கிழமை."

"கவலப்படாத. வீட்டுல எல்லாரும் ஜெபம் பண்ணுதோம்."

ஜெபமா? உன் தம்பியையும் அனுப்பேன், சேர்ந்து கூண்டில் நிற்கட்டும்... நாக்கு நுனிவரை வந்தது. "தேங்க்ஸ்ட்டி" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மகளை மடியில் வைத்துக்கொண்டு, தம்பியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு பஸ். கேட்டேவிட்டேன்.

"ஏலே, டேனி பேரச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்னக்கா ஆவும்? இந்த பஸ்ல எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வந்திருப்பான். அம்புட்டுதான்."

அதுதானே! டேனி மாட்டியிருந்தால் எனக்கு என்ன லாபம்?

யோசித்துப் பார்த்தால், அவன் தப்பித்ததால் கெட்டா போனான்? பயந்துபோய் அந்தப் பழக்கத்தையே விட்டான். ஜெர்மன் படித்தான். ஜெபினும்தான் விட்டுவிட்டான்... வழக்குதான் அவனை விடவில்லை.

விற்கிறவனைப் பிடித்து உள்ளே போடுங்கள். பாக்கெட்டில் ஒரு பொட்டலம் வைத்திருந்த பையனுக்கு அபராதமும் ஒரு டாக்டரும் போதாதா? அப்படி நினைத்த உடனே பயம். ஜெயில் பயமும் இல்லாவிட்டால், நாளைக்கு என் மகள் படிக்கப்போகும் காலேஜ் வாசலில் என்ன நடக்கும்? சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால், பையன்களின் எதிர்காலத்தை எவன் வேகமாக ஓடினான் என்பதை வைத்தா முடிவு செய்வது?

கோர்ட்டில் அடுத்த தேதி கொடுத்தார்கள். வெளியே வந்தபோது எங்கள் இருவர் போனிலும் ஒரே படம் — ஏர்போர்ட்டில், பெட்டியோடு, சிரித்தபடி டேனி.

ஜெபின் அங்கேயே நின்று ஹார்ட் போட்டான்.

நான்... இன்னும் போடவில்லை.