தொலைந்தது உண்மைதானா?

பயணக் காப்புறுதியில் முறைப்பாடு விசாரிக்க வருகிறவனுக்கு முதலில் பழக்குவது, முன்னால் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கத்தான். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கந்தோரில் அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். ஆட்களின் முகத்தைப் பார்த்தே உண்மை பொய் பிரிக்கிற வேலையில் இருக்கிற எவருக்கும் இது விளங்கும்.

கூறைச்சேலை

கோப்பாய்ச் செல்லத்துரை அண்ணை மகனின் கலியாணத்துக்குச் சேலை எடுக்கக் காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் இந்தியா போனவர். திரும்பி வந்தபோது பெட்டி இல்லை என்று நட்டஈடு கேட்டு வந்தார். கலியாணப் பொம்பிளைக்கு எடுத்த கூறைச்சேலையும் அதற்குள்தானாம். "கலியாணத்துக்குக் கட்டாயம் வாங்கோ" என்றார். போனேன், வாழ்த்த அல்ல, பொம்பிளை என்ன உடுக்கிறாள் என்று பார்க்க.

மணவறையில் பொம்பிளை சிவப்புக் கூறையில் பளபளவென்று இருந்தாள். பிடித்துவிட்டேன் என்று நினைத்துக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தேன். அண்ணை பின்னால் வந்து என் கையில் இருந்த சர்பத் கிளாசைப் பார்த்தார். "தம்பி, உது என்ரை மூத்த மகளின்ரை கூறை. இரவல் வாங்கினது. ஊத்திப்போடாமல் கொஞ்சம் தள்ளி நிண்டு பாருங்கோ."

நகைக்கடைப் படம்

இளைப்பாறிய ரீச்சர் ஒருவர் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் சென்னைக்குப் போனபோது, காப்புறுதியோடு நாங்கள் ரீச்சருக்குக் கொடுத்த காசு அட்டையில் ஆரோ நகை வாங்கியிருக்கிறார்களாம். "உங்கடை ஆக்கள்தான் நம்பரைக் களவெடுத்தவை" என்று சத்தம் போட்டார். எனக்கு ரீச்சரிலேயே சந்தேகம். கணவர் மட்டும் பாவம்போல இருந்தார்.

கடைக்காரரிடம் கமராப் படம் கேட்டு எடுப்பித்து, இருவரையும் வரச்சொல்லி மேசையில் வைத்தேன். படத்தில் கணவர், கையில் ஒரு சோடித் தோடு. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "முறைப்பாட்டை வாபஸ் வாங்கிறன். தோடு என்ரை காதிலை இல்லை. அது ஆரின்ரை காதிலை எண்டதை நான் வீட்டிலை விசாரிக்கிறன்."

சன்னல் குளிசை

வடக்குக் கரையோரக் கடற்றொழிலாளி ஒருவர் சிதம்பரம் கும்பிடப் போய், கோயில் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார். இருதய நோயை மறைத்துப் போனார் என்று தலைமைக் கந்தோர் காப்புறுதிக் கோரிக்கையை மறுத்தது. மனைவி முறையிட்டார். விசாரிக்க என்னை அனுப்பினார்கள்.

ஊரில் மருந்துக்கடை, டாக்குத்தர், அயலட்டை எல்லாரையும் கேட்டேன். சளித் தடிமனுக்குக்கூட மருந்து எடுக்காத மனிசன் என்றார்கள். நான் நம்பவில்லை. அவர்கள் வீட்டுக்குள் போனதும் சன்னலில் மருந்துக் குளிசை மட்டையைக் கண்டு, "இது ஆருடையது?" என்று கேட்டேன். அந்த அம்மா தன்னுடைய கிளினிக் கொப்பியை எடுத்து வந்து காட்டினார். அம்மாவின் பிறெசர்க் குளிசைதான். அவர் பக்கம் நியாயம் என்று எழுதினேன், மேலிடமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அன்று வாசலில் நான் செருப்பு மாட்டும்போது அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "நெஞ்சு வருத்தம் இருந்தது தெரிஞ்சிருந்தால், நான் அந்தாளைத் தனியக் கப்பல் ஏத்தியிருப்பனே, தம்பி?"

இவ்வளவுக்குப் பிறகும், கோயிலில் ஐயர் தருகிற திருநீற்றை ஒருக்கால் மணந்து பார்த்துவிட்டுத்தான் பூசுகிறேன்.