சாக்குக்குள் போகாத சால்வை

கதவிடுக்கில் மாவுப் பசையைத் தடவி, பழுப்புத் தாளை ஒட்டி, மேலிருந்து கீழாகக் கட்டைவிரலால் நீவுகிறார் இனோக் டாட்டர்சால். உள்ளே இரும்புச் சட்டியில் கந்தகம் எரிகிறது. நாளைவரை அறையை யாரும் திறக்கக் கூடாது.

துணியில் ஒட்டிப் பரவும் செங்காய்ச்சல் கண்ட வீடுகளுக்கு நகரசபை அனுப்புகிற ஆள் அவர். படுக்கையும் துணியும் அவருடைய சாக்கில் ஏறி, நீராவிக் கொப்பரையில் வெந்து, சுருங்கித் திரும்பும். அவர் சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் கந்தகப் புகையில் கறுத்துவிட்டன. மனைவி அவற்றைத் தேய்ப்பதை விட்டே பல வருடமாகிறது.

"எட்டி உக்காருய்யா இனோக்கு, பீரே நாறுது!" என்பார்கள் மதுக்கடையில்.

"நாறுனா நல்லது. நாறாம வருது பாரு, அதுக்குப் பயப்படு."

எந்த வீட்டிலும் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார். அறையில் ஒன்று, படிக்கட்டில் ஒன்று, வாசலில் ஒன்று. "இன்னும் ஏதாச்சும் இருக்கா அம்மா?"

"எங்களையும் மூட்டை கட்டிக்கிட்டுப் போயேன்!" என்று சீறுவார்கள் பெண்கள்.

நான்கு வருடம் முன்புவரை ஒரு தடவைதான் கேட்பார். அந்த வருடம் செலினா ராம்ஸ்டனின் மகள் இதே காய்ச்சலில் இறந்திருந்தாள். எல்லாவற்றையும் தானே அள்ளிக் கொடுத்த செலினா, மகளின் சால்வையை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "வெந்து வந்தா துணிதான் வரும் ஐயா. அவ வாசம் வராது."

இனோக் தலையசைத்தார். சால்வை இல்லாமலே சாக்கைக் கட்டிவிட்டார்.

மறுவாரம் குளிர் கூடியது. கைக்குழந்தைக்கு அந்தச் சால்வையைப் போர்த்தினாள் செலினா. இரண்டு வாரத்தில் பசைச் சட்டியோடு அதே வாசலில் மறுபடி நின்றார் இனோக். அவள் சால்வையை மடித்து நீட்டினாள். "இப்ப எடுத்துக்கங்க." அவள் தன்னைத் திட்டியிருக்கலாம் என்று இன்னும் நினைக்கிறார்.

சென்ற செவ்வாயன்று பெட்சி ஹாவொர்த்தின் வீடு. மகனைப் புதைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாவது தடவையும் கேட்டார்.

"ஒண்ணுமில்லன்னேன்ல!" என்றாள் பெட்சி. அவள் இடுப்பில் கட்டிய முன்துணிக்கு அடியில் கம்பளிக் குல்லாவின் நுனி தெரிந்தது. "அவன் தலை வாசம் இதுலதான்யா இருக்கு."

 இனோக் சாக்கின் வாயை இரு கைகளாலும் விரித்து அவள் பக்கம் நீட்டினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். குல்லா விழுந்தால் சத்தம் கேட்காது. சாக்கின் விளிம்பில் அவள் கை உரசும்வரை அப்படியே நின்றார்.